வேர் குடித்தால்தான் இலை நிமிரும்

(கொல்லிமலை செம்மேட்டில் காபித் தோட்டக்காரர்கள், செடி வளர்ப்போர், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவனிப்பாரற்றுக் காய்ந்துபோன ஆர்க்கிட் செடியை எப்படிப் பிழைக்கவைப்பது என்பதுதான் இன்று எனக்குத் தந்திருக்கும் பொருள். இந்தக் கேள்வியை இரண்டு வகை மனிதர்கள் கேட்கிறார்கள். முதலாமவர் கீழே சமவெளியில் இருப்பவர். நர்சரியில் பூத்துக் குலுங்கிய தொட்டி ஒன்றை ஆசையாக வாங்கிப் போகிறார். பூ உதிர்ந்ததும் தொட்டி மாடிப்படி ஓரத்துக்குப் போய்விடுகிறது. சில மாதம் கழித்துப் பார்த்தால் இலை தோல்போலத் துவண்டு தொங்குகிறது. "தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனாலும் வாடிக்கொண்டே போகிறதே" என்கிறார். இரண்டாமவர் இந்த மலைக்காரர். காபிக்கு வெயில் விழுவதற்காக நிழல் மரத்தின் கிளையைக் கழிக்கிறார். கிளையோடு ஒரு ஆர்க்கிட் கொத்தும் விழுகிறது. வெயிலில் சுருங்கிக் கிடக்கும் அதைக் காட்டி, "இது இனிமேல் பிழைக்குமா, இல்லை விறகோடு போகவேண்டியதுதானா?" என்கிறார்.

இருவருக்கும் நான் சொல்லும் விடை ஒன்றுதான். வாடிய ஆர்க்கிடுக்குப் பெரும்பாலும் குறைந்துபோயிருப்பது தண்ணீரைக் குடிக்கும் வேர். வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு ஊற்றினாலும் அது தாகத்தில்தான் இருக்கும். ஆகவே வைத்தியத்தை வேரிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வேர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேட வேண்டாம். உங்கள் வீட்டுப் பலாமரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும்.

இந்த மலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 முதல் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பலாவிலும் மாவிலும் காட்டு மரங்களிலும் வாண்டா டெசலேட்டா, சிம்பிடியம் அலோய்ஃபோலியம் போன்ற ஆர்க்கிடுகள் தொற்றி வளர்கின்றன. இவற்றைப் புல்லுருவி என்று நினைத்துச் சுரண்டி எறிபவர்கள் உண்டு. அது தவறு. புல்லுருவி தன் வேரை மரத்துக்குள் செலுத்தி அதன் சாற்றை எடுக்கும். ஆர்க்கிட் பட்டையின் மேல் உட்கார இடம் மட்டுமே கேட்கிறது. மழையையும் பனியையும் காற்றில் வரும் தூசியையும் கொண்டு தானே பிழைத்துக்கொள்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 1,256 வகை ஆர்க்கிடுகள் உள்ளன. அவற்றில் 757 இப்படி மரத்தின் மேல் வாழ்பவை. மண்ணில் வளர்வதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் பாதிக்கு மேல் மண்ணையே தொடுவதில்லை.

வாண்டாவின் வேரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாக இருக்கும். மழை பட்டதும் பச்சையாகிவிடும். அந்த வெள்ளைப் போர்வைக்கு வெலாமென் என்று தாவரவியலார் பெயர் வைத்திருக்கிறார்கள். முற்றிய நிலையில் அது முழுக்க உயிரற்ற, வெறுமையான செல்களால் ஆனது. மரத்தின் மேல் தண்ணீர் தங்காது, பட்டையில் வழிந்து போய்விடும். போகிற நீரை அந்தச் சிறு நேரத்துக்குள் உறிஞ்சிப் பிடித்து, உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்கு மெல்லக் கொடுப்பதுதான் இந்தப் போர்வையின் வேலை. இதில் ஒரு நுட்பம் உண்டு. மழை தொடங்கியதும் முதலில் வழிகிற நீரில்தான் இலையிலும் பட்டையிலும் படிந்த தூசியும் பறவை எச்சமும் மக்கிய சருகின் சத்தும் கரைந்து வருகின்றன. அந்த முதல் நீரை விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் மண் இல்லாமலே இந்தச் செடிக்கு உணவு கிடைக்கிறது.

அதே போர்வை காயவும் வேண்டும். நனைந்தது நனைந்தபடியே இருந்தால் உள்ளே காற்று போகாது. நடுவில் இருக்கும் உயிருள்ள நரம்பு மூச்சு முட்டிச் செத்து, பிறகு அழுகும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதே இந்த வேரின் வாழ்வு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு முறைக்கும் காரணம் உங்களுக்கே விளங்கும்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது ஈரமும் வெளியேறுகிறது. வாண்டா, ஃபெலனாப்சிஸ் போன்ற தடித்த இலை ஆர்க்கிடுகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு செய்கின்றன. கொல்லிமலையில் இரவு குளிர்ச்சி, ஈரக்காற்று, பனி. துளையைத் திறந்தாலும் இழப்பு குறைவு. கீழே நாமக்கல்லில் சித்திரை மாதத்து மொட்டைமாடியை எண்ணிப் பாருங்கள். சூரியன் மறைந்து நெடுநேரம் ஆகியும் சிமென்ட் தளம் சூட்டைக் கக்கும். பகல் வெயிலை நிழல் வலை கட்டித் தடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, செடி இரவில் வறண்டுகொண்டிருக்கிறது. அதனால் சமவெளி அன்பர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கோடையில் ஆர்க்கிடை மொட்டைமாடியில் வைக்காதீர்கள். மரத்தடியோ, மற்றச் செடிகள் அடர்ந்த முற்றமோ, காற்றோட்டமுள்ள கிழக்கு வராந்தாவோ அதற்கு ஏற்ற இடம்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். வைத்தியத்துக்கு முன்னால் நோயை அறிய வேண்டும். இலை துவண்டிருக்கிறது, தண்டு சுருங்கியிருக்கிறது என்பது அறிகுறி மட்டும். தண்ணீரே காணாத செடியும் இப்படித்தான் இருக்கும், தண்ணீர் மிதமிஞ்சி வேர் அழுகிய செடியும் இப்படித்தான் இருக்கும். வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்தால் அழுகிய செடிக்கு இன்னும் ஊற்றிக் கொன்றுவிடுவோம். தொட்டியைக் கவிழ்த்து வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளியாக இருந்தால் உயிருள்ள வேர். பழுப்பாகி, நசுங்கி, உருவினால் போர்வை கழன்று உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் நின்றால் அது செத்த வேர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில டென்ட்ரோபியம் இன ஆர்க்கிடுகள் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வெறும் தண்டாக நிற்கும். இந்த மலையின் செடிகளும் தை முதல் பங்குனி வரையிலான வறட்சியில் சற்றுச் சுருங்கிக் கோடை மழையில் தேறிக்கொள்ளும். ஓய்வில் இருக்கும் செடியைச் செத்ததென்று தூக்கி எறியாதீர்கள்.

வேர் நன்றாக இருந்து செடி காய்ந்திருந்தால் வேலை எளிது. காலையில் ஒரு வாளி நீரில் வேர்ப்பகுதியை 20 முதல் 30 நிமிடம் முக்கி வையுங்கள். வேர் பச்சையானதும் எடுத்து முழுவதும் வடியவிடுங்கள். இலைகளின் நடுவே குருத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் சாய்த்து வடித்துவிடுங்கள். குருத்து அழுகினால் ஒற்றைத் தண்டுச் செடி பிழைப்பது அரிது. வேர் மறுபடி வெள்ளியானதும் இதையே திரும்பச் செய்யுங்கள். மழைநீர் மிக நல்லது. சமவெளியில் பல போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த உப்பு வேர்ப் போர்வையில் படிந்து, உள்ளே போகும் நீரையும் தடுக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. சில வாரங்களில் தண்டு உப்பி வரும். பழைய இலையில் விழுந்த சுருக்கம் கடைசிவரை மாறாமலும் இருக்கலாம். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். செடி தேறுகிறதா என்பதைப் புது இலையும் புது வேரும்தான் சொல்லும்.

வேர் அழுகிய செடிக்குப் பொறுமை அதிகம் தேவை. பழைய கலவை முழுவதையும் உதறிக் கழுவுங்கள். பிளேடையோ கத்தரியையோ தீயில் காட்டி ஆறவைத்து, செத்த வேர்களை வெட்டி எடுங்கள். நல்ல வேர் ஒரு விரற்கடை இருந்தாலும் அதைக் காப்பாற்றுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையலுக்கு வைத்திருக்கும் லவங்கப்பட்டையின் பொடியைத் தொட்டு வையுங்கள். பூஞ்சையைத் தடுக்கும். நல்ல வேரின் மேல் அதைத் தூவக் கூடாது, காயவைத்துவிடும். பூத்தண்டு இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வெட்டிவிடுங்கள். பிழைக்கப் போராடும் செடி பூவுக்குச் செலவிடும் ஒவ்வொரு துளியும் வேருக்குப் போகாத துளி. பிறகு ஒருநாள் நிழலில் ஆறவிடுங்கள்.

இப்போது செடியிடம் குடிக்க வேர் இல்லை. இலையிலிருந்து வெளியேறும் ஈரத்தைக் குறைப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது. வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் பையோ மூடியுள்ள பெட்டியோ எடுத்து, அடியில் பிழிந்த ஈரத் தேங்காய் நாரையோ ஸ்பாக்னம் பாசியையோ பரப்புங்கள். செடியின் அடிப்பகுதி ஈரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதில் புதைய வேண்டாம். பையை வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். நாள்தோறும் காலையில் சற்றுத் திறந்து காற்று மாறவிட்டு, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு வாரத்தில் அடித்தண்டில் பச்சை முனை எட்டிப் பார்க்கலாம். மூன்று நான்கு மாதமும் ஆகலாம். அதுவரை செடியை அடிக்கடி எடுத்துப் புரட்டாதீர்கள். வேர் முனை மிக மென்மையானது, ஒருமுறை உரசினாலே அதன் வளர்ச்சி நின்றுவிடும்.

சிம்பிடியம், டென்ட்ரோபியம் போலப் பக்கவாட்டில் புதுத் தண்டு விட்டுப் பரவும் வகைகளுக்கு இன்னொரு நம்பிக்கை உண்டு. இலையெல்லாம் போன பழைய குமிழ்த் தண்டின் அடியில் உறங்கும் கண்கள் இருக்கும். கெட்டியாக, பச்சை மாறாமல் இருக்கும் இரண்டு மூன்று குமிழ்களைச் சேர்த்துப் பிரித்து இதே ஈரப் பையில் வைத்தால் புதுத் தளிர் வரக்கூடும்.

இந்தக் கட்டத்தில்தான் அன்பு மிகுந்தவர்கள் உரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு நாம் விருந்து வைப்பதில்லை, கஞ்சிதான் கொடுக்கிறோம். வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டால் உப்புச் செறிவு கூடி, இருக்கும் ஈரமும் வெளியே இழுக்கப்படும். புது வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்த பின், பொட்டலத்தில் எழுதியிருப்பதில் கால் பங்கு அளவில், நனைத்த வேருக்கு மட்டும் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், இளநீர் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் இரண்டையும் பயன்படுத்துவது உண்மை. அங்கே குப்பிக்குள் ஒரு கிருமியும் இல்லை. நம் வீட்டில் அந்த இனிப்பு பூஞ்சைக்கும் எறும்புக்கும்தான் உணவாகும்.

வேர் விட்ட செடியைச் சிறிய தொட்டியில், பக்கத்திலும் துளையுள்ள தொட்டியில், அடுப்புக்கரித் துண்டு, உடைந்த ஓடு, நன்றாக ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் நடுங்கள். தோட்டத்து மண் கூடவே கூடாது. செடி ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டுங்கள். காற்றில் ஆடும் செடியின் புது வேர் எதையும் பற்ற முடியாது.

அடுத்து, கிளையோடு விழுந்த செடிகளைப் பற்றி. தோட்டக்காரப் பெரியவர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். ஆர்க்கிடின் விதை தூசி போன்றது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில வகைகளில் லட்சக்கணக்கில் இருக்கும். அந்த விதைக்குள் முளைக்குத் தேவையான உணவு இல்லை. பட்டையில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை வந்து உணவூட்டினால்தான் இயற்கையில் முளைக்கும். இதைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் நோயெல் பெர்னார் 1899-ல் கண்டறிந்தார். பூஞ்சை இல்லாமலும் சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் முளைக்கவைக்க முடியும் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். இன்று நர்சரியில் ஆர்க்கிட் நமக்கு வாங்கும் விலையில் கிடைப்பதற்கு அந்தக் கண்டுபிடிப்பு அடிப்படை. காட்டிலோ இன்றும் பழைய வழிதான். லட்சம் விதையில் ஓரிரண்டு சரியான பட்டையில், சரியான பூஞ்சையோடு, சரியான ஈரத்தில் விழுந்து, பல ஆண்டு வளர்ந்து பூக்கின்றன. நீங்கள் கழித்த கிளையில் இருந்த கொத்து அப்படி வந்தது. அதை விறகோடு எரித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர நம் ஆயுள் போதாமல் போகலாம்.

அதை மீட்பது அதிக வேலையும் இல்லை. விழுந்த அன்றே வெயிலிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள். கிளைத் துண்டில் வேர் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், அந்தத் துண்டோடு சேர்த்து எடுங்கள். ஒடிந்த பகுதியை மட்டும் வெட்டி ஓரிரு நாள் ஆறவிடுங்கள். பிறகு அதே மரத்தில், முடியாவிட்டால் பக்கத்தில் உள்ள பலாவிலோ மாவிலோ, சொரசொரப்பான பட்டையில், உச்சி வெயில் படாத பக்கத்தில் வைத்துப் பழைய பருத்தித் துணிக் கிழிசலாலோ தேங்காய் நார்க் கயிற்றாலோ இறுகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், மரத்தை அறுக்கும். பருவமழைக்குச் சற்று முன் கட்டினால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். மழை இல்லாத நாளில் காலையில் தெளித்தால் போதும். பச்சை வேர் முனை தட்டையாகிப் பட்டையில் ஒட்டிப் படர்ந்துவிட்டால், இனி உங்கள் உதவி அதற்குத் தேவையில்லை என்று பொருள்.

விழுந்ததை எடுத்துக் கட்டச் சொல்கிறேன். இருப்பதைப் பறிக்க ஒருபோதும் சொல்லவில்லை. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் கீழ் வருகிறது. பறிப்பவர்களால் என்ன நேரும் என்பதற்கு அகத்தியமலையில் மட்டும் வாழும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிடே சாட்சி. மஞ்சள் நிறத்தில் காலணி போன்ற பூப் பூக்கும் அந்தச் செடியைச் சேகரிப்பாளர்களின் ஆசையும் காட்டுத் தீயும் சேர்ந்து அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டன. வாண்டா டெசலேட்டாவையும் நாட்டின் சில பகுதிகளில் மருந்துக்காக வேரோடு பறிக்கிறார்கள். மலையிலிருந்து பிடுங்கி மாடியில் கொண்டுபோய் வைத்த செடிதான் நான் இவ்வளவு நேரம் சொன்ன எல்லாத் துன்பத்துக்கும் ஆளாகிறது.

ஆர்க்கிடுகளை நேரில் பார்த்துப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ல் அங்கே தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை நிறுவியது. அரிய வகைகளைக் காட்டுக்கு வெளியே உயிரோடு வைத்துக் காப்பது அதன் பணி. அது மிகப் பெரிய சேவை. ஆனாலும் தோட்டத்தில் காப்பாற்றிய செடி ஒருநாள் திரும்பிப் போக ஒரு மரம் வேண்டும், அந்த மரத்தில் பாசியும் பூஞ்சையும் படிந்த முதிர்ந்த பட்டை வேண்டும். இந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் கோயில் காடுகளில் கோடரி வைக்காமல் மரங்களைக் காத்து வந்திருக்கிறார்கள். தெய்வத்துக்கென்று விட்டுவைத்த மரம் ஆர்க்கிடுக்கும் வீடாக இருந்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை இன்றைய தலைமுறை பழைய வழக்கம் என்று கைவிடக் கூடாது. வேகமாக வளரும் சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நட்டு, முதிர்ந்த நாட்டு மரங்களை வெட்டிவிட்டால் காபிக்கு நிழல் கிடைக்கும், மிளகுக் கொடிக்குக் கால் கிடைக்கும். பல தலைமுறையாக அந்த மரங்களின் மேல் குடியிருந்த உயிர்களுக்கு இடம் போய்விடும்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். சமவெளி அன்பர்களே, வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர்க் குவளையை எடுக்காமல் முதலில் வேரைப் பாருங்கள். ஆர்க்கிட் வேண்டுமென்றால் நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள், மலைச்சாலையில் யாராவது பறித்து வந்து நீட்டினால் மறுத்துவிடுங்கள். தோட்டக்காரப் பெரியவர்களே, அடுத்த முறை நிழல் மரத்தைக் கழிக்கும்போது ஆர்க்கிட் உள்ள கிளையை விட்டுவிட முடியுமா என்று ஒரு கணம் பாருங்கள். முடியாதபோது, விழுந்ததை எடுத்து மரத்தில் கட்ட வேலையாட்களிடம் சொல்லுங்கள். ஆசிரியர்களே, பள்ளி வளாகத்தில் ஒரு பலாமரத்தை இதற்கென்று ஒதுக்கி, விழுந்த செடிகளைப் பிள்ளைகள் கையாலேயே கட்டவையுங்கள். வெள்ளி வேர் மழையில் பச்சையாவதைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, மரத்தை ஏன் வெட்டக் கூடாது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

ஒரு செடியைப் பிழைக்கவைக்கும் அறிவு நல்ல அறிவுதான். அந்தச் செடி நம் கைக்கு வரவேண்டிய நிலையே வராமல் அதன் மரத்தைக் காப்பது அதைவிடப் பெரிய அறிவு. இரண்டையும் செய்ய இந்த மலையில் உள்ளவர்களைவிடத் தகுதியானவர்கள் வேறு யாரும் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.